பொறியாளர்களின் பணியிடக் கற்றல்

பொறியாளர்களின் பணியிடக் கற்றல் என்பது, பட்டமோ பட்டயமோ பெற்று வேலையில் சேர்ந்த பொறியாளர்கள் தம் பணிக்குத் தேவையான அறிவையும் திறனையும் பணியிடத்திலேயே பெறும் முறைகளைக் குறிக்கும். நிறுவனம் நடத்தும் வகுப்புகள், கையேடுகள், மூத்தவர் அருகில் இருந்து பழகுதல், பழுது நீக்கும்போது தானே கண்டுகொள்ளுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கையில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கும்போது, அதைப் போன்ற ஒன்றை முன்பே தீர்த்த ஒருவரிடம் கேட்டு, தானே செய்து பார்த்துக் கற்பதைப் பொறியாளர்கள் விரும்புகின்றனர் என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. ஆயினும் ஒருவர் விரும்பும் முறையும் அவருக்கு நன்கு கற்பிக்கும் முறையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் வகுக்கப்படும் பயிற்சிகளில் காலமும் பொருளும் வீணாகின்றன. அதைவிடக் கேடானது, கற்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டு ஒருவர் பழுதடைந்த இயந்திரத்தின் முன் சென்று நிற்பதாகும்.

யாரிடம் கேட்கின்றனர்

பொறியாளர்கள் தமக்குத் தேவையான தகவலை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் ஆவார். 1960களில் அமெரிக்க அரசு ஒரே தொழில்நுட்பச் சிக்கலை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களிடம் தனித்தனியே ஒப்படைப்பது உண்டு. இத்தகைய இரட்டைத் திட்டங்கள் ஆலனுக்கு ஓர் இயற்கையான சோதனைக்களமாக அமைந்தன. ஒரே சிக்கலுக்கு இரு குழுக்கள் தந்த தீர்வுகளையும், அவ்விரு குழுக்களும் தகவல் திரட்டிய வழிகளையும் அவரால் ஒப்பிட முடிந்தது. இவ்வாய்வுகளின் முடிவுகள் 1977இல் நூலாக வெளிவந்தன.

அறிவியலாளர்கள் ஆய்விதழ்களைப் பெரிதும் சார்ந்திருக்கின்றனர். பொறியாளர்களோ உடன் பணிபுரிவோர், வாடிக்கையாளர், உதிரிப்பாகம் விற்போர் ஆகியோருடன் பேசியே பெரும்பாலான தகவல்களைப் பெறுகின்றனர் என ஆலன் கண்டார். சிறந்த தீர்வுகளைத் தந்த குழுக்களில் நிறுவனத்திற்குள்ளேயே ஒருவரையொருவர் கலந்தாலோசிப்பது மிகுந்திருந்தது. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் ஒரு சிலர் மட்டும் ஆய்விதழ்களைப் படிப்பவர்களாகவும் வெளியுலகத் தொடர்பு உடையவர்களாகவும் இருந்தனர். மற்றவர்கள் அவர்கள் வழியாகவே புதியனவற்றை அறிந்தனர். இவர்களை ஆலன் வாயிற்காப்போர் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். உள்ளே விடாமல் தடுப்பவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது; வெளியில் உள்ளதை உள்ளே கொண்டுவருபவர் என்பதே கருத்து.

இருவருடைய மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட அவர்கள் பணி குறித்துப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு மிக விரைவாகக் குறைகிறது என்பது ஆலனின் மற்றொரு கண்டுபிடிப்பாகும். சில பத்து மீட்டர்களைத் தாண்டிவிட்டால், ஒரே கட்டடத்தில் இருப்பவரும் வேறு கட்டடத்தில் இருப்பவரும் ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வுறவைக் காட்டும் வரைகோடு ஆலன் வளைவு என அவர் பெயராலேயே வழங்குகிறது.

1968இல் பீட்டர் கெர்ஸ்ட்பெர்கருடன் இணைந்து ஆலன் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு தகவல் மூலத்தை முதலில் நாடுவதற்கான காரணம் அதன் தரமன்று, அது எளிதில் எட்டக்கூடியதாக இருப்பதே என்று அது காட்டியது. இன்ன மூலம் சிறந்தது என்று அறிந்திருந்தும், பொறியாளர்கள் அருகில் இருப்பதையே முதலில் நாடினர். ஒருவரிடம் சென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒரு செலவுதான் என்பதைப் பணியிடத்தில் புதிதாகச் சேர்ந்த எவரும் அறிவர்.

ஒளிநகல் இயந்திரங்களும் கதைகளும்

பணியிடக் கற்றலைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கள ஆய்வு, பட்டம் பெற்ற பொறியாளர்களைப் பற்றியதன்று; ஒளிநகல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களைப் பற்றியது. ஆயினும் பொறியியற் பயிற்சி குறித்து எழுதும் எவரும் இதனை மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் ஜூலியன் ஓர், 1980களில் அந்நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களுடன் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குச் சென்று, அவர்களுடன் உணவருந்தி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தார். இவ்வாய்வு 1996இல் நூலாக வெளிவந்தது. (தமிழ்நாட்டில் நகலெடுப்பதற்கே ஜெராக்ஸ் என்று பெயராகிவிட்டதால், இங்குள்ள வாசகர்களுக்கு அவ்வியந்திரங்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.)

நிறுவனம் தன் பழுதுநீக்குநர்களுக்கு வகுப்பறைப் பயிற்சியும் விரிவான கையேடும் அளித்திருந்தது. இயந்திரம் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டும். கையேட்டில் அக்குறியீட்டைத் தேடி, இதைச் சோதி, ஆம் எனில் அங்கே செல், இல்லை எனில் இங்கே செல் என்னும் படிகளைப் பின்பற்றினால் பழுது பிடிபட்டுவிடும் என்பது கையேட்டை எழுதியவர்களின் எண்ணம். இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழுதுநீக்குநர் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்ற கருத்தும் இதில் மறைந்திருந்தது.

நடைமுறை வேறாக இருந்தது. கையேட்டை எழுதியவர்கள் எதிர்பார்க்காத பழுதுகளே பழுதுநீக்குநர்களைத் திணறடித்தன. ஒரு நிகழ்வில், இயந்திரம் காட்டிய குறியீட்டிற்குக் கையேடு கூறிய தீர்வு பயனளிக்கவில்லை. பழுதுநீக்குநர் தம் தொழில்நுட்ப வல்லுநரை அழைத்தார். அவருக்கும் உடனே புலப்படவில்லை. இயந்திரத்தையே மாற்றித் தருவது எளிய வழி. ஆனால் அது பெருஞ்செலவு. வாடிக்கையாளர் முன் தோல்வியை ஒப்புக்கொள்வதும் ஆகும். இருவரும் பல மணி நேரம் அவ்வியந்திரத்தின் முன் நின்று, தாம் முன்பு கண்ட பழுதுகளையும் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தனர். ஒருவர் கதையின் ஒரு பகுதி மற்றவர் கதையின் பகுதியோடு பொருந்தியபோது பழுதின் காரணம் தெளிவாயிற்று. பின்னர் அந்நிகழ்வே உணவு மேசையில் சொல்லப்படும் புதிய கதையாகவும் ஆனது.

மேற்பார்வையாளர் ஒருவர் அவர்களைக் கண்டிருந்தால், இருவர் வேலை செய்யாமல் அரட்டை அடிக்கின்றனர் என்றே குறித்திருப்பார். ஓர் காட்டியது, அந்தப் பேச்சே வேலை, அதுவே பயிற்சியும் என்பதாகும். 1991இல் ஜான் சீலி பிரவுன், பால் டுகிட் ஆகியோர் இவ்வாய்வை அடிப்படையாகக் கொண்டு, நிறுவனம் வகுத்துள்ள பணிமுறையும் உண்மையில் பணி நடைபெறும் முறையும் வேறுபடுவதை விளக்கினர். அதே ஆண்டில் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் வெளியிட்ட நூல், புதியவர் ஒரு தொழிற்குழுவின் ஓரத்தில் சிறு பணிகளுடன் தொடங்கிப் படிப்படியாக மையத்திற்கு நகர்வதையே கற்றல் என விளக்கியது.

இப்புரிதலிலிருந்து பிறந்ததே யுரேகா என்னும் ஏற்பாடு. 1990களில் பாலோ ஆல்ட்டோ மைய ஆய்வாளர்கள் பழுதைத் தானே கண்டறியும் செயற்கை அறிவு மென்பொருளை உருவாக்க முயன்றனர். களத்தில் எழும் எதிர்பாராத பழுதுகளை அதனால் ஈடுகொடுக்க முடியாது என்பது தெரிந்ததும், பழுதுநீக்குநர்களின் கதைகளையே சிறு குறிப்புகளாகத் தொகுக்கத் தொடங்கினர். முதலில் பிரான்சில் நடைமுறைக்கு வந்த இவ்வேற்பாட்டில், ஒருவர் அனுப்பும் குறிப்பைச் சக பழுதுநீக்குநர்கள் சரிபார்த்த பின்னரே அது அனைவருக்கும் கிடைக்கும். குறிப்பை எழுதியவரின் பெயரும் அதனுடன் இருக்கும். தொண்டர்களால் எழுதப்படும் ஒரு கலைக்களஞ்சியத்தின் வாசகர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

கையேட்டைப் படிக்காமை

பொறியாளர்கள் கையேட்டைப் படிப்பதில்லை என்பது பழைய குறை. இது சோம்பலால் வருவதன்று என்று காட்டியவர் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கரோல். 1980களில் சொற்செயலிகளைக் கற்கும் அலுவலகப் பணியாளர்களை அவர் உற்றுநோக்கினார். படிப்படியான பயிற்சி நூல் கையில் இருந்தும், அவர்கள் இடையில் தாவினர். தமக்கு வேண்டிய கடிதத்தைத் தட்டச்சிடவே முயன்றனர். பிழையில் சிக்கிக்கொண்டு மீள வழியறியாது தவித்தனர். 1987இல் மேரி பெத் ராசனுடன் எழுதிய கட்டுரையில் இதனை ஒரு முரண்பாடாகக் கரோல் விளக்கினார். முதலில் சிறிது நேரம் செலவிட்டுக் கற்றால் பின்னர் நேரம் மிச்சமாகும். ஆனால் கையிலுள்ள வேலையை முடிக்கும் ஆவலே அந்தச் சிறிது நேரத்தைச் செலவிட விடுவதில்லை. ஒருமுறை ஏதோ ஒரு வழி தெரிந்துவிட்டால், அதைவிட நல்ல வழி இருந்தும் பழைய வழியையே அவர்கள் தொடர்வர்.

கரோல் தந்த தீர்வு குறுங்கையேடு ஆகும். முன்னுரைகளும் மீள்பார்வைகளும் நீக்கப்பட்டு, உண்மையான பணிகள் தொடக்கத்திலேயே தரப்பட்டு, பிழை நேர்ந்தால் மீளும் வழி ஒவ்வொரு இடத்திலும் சொல்லப்பட்டிருக்கும். இதைக் கொண்டு கற்றவர்கள் வழக்கமான நூலைக் கொண்டு கற்றவர்களைவிட விரைவாகக் கற்றனர். இன்று மென்பொருள்களுடன் வரும் விரைவுத் தொடக்கக் கையேடுகள் இக்கருத்தின் வழித்தோன்றல்களே. எனினும், பிழையிலிருந்து மீளும் வழியைக் கூறும் பகுதி அவற்றுள் பலவற்றில் விடுபட்டுவிடுகிறது.

கற்றல் பாணிகளும் அவற்றின் மீதான விமர்சனமும்

பயிற்சித் துறையினரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது கற்றல் பாணிக் கோட்பாடாகும். பொறியியலில் இதன் அறியப்பட்ட வடிவம், வேதிப்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டர், உளவியலாளர் லிண்டா சில்வர்மன் ஆகியோர் 1988இல் முன்வைத்ததாகும். புலன்வழித் தகவல்களை நாடுவோர் - உள்ளுணர்வை நாடுவோர், காட்சியாகக் கற்போர் - சொல்வழி கற்போர், செய்து கற்போர் - சிந்தித்துக் கற்போர், படிப்படியாகக் கற்போர் - முழுமையாக நோக்கிக் கற்போர் என இதில் இணைகள் உண்டு. பொறியியல் மாணவர்களுள் பெரும்பாலோர் புலன்வழி, காட்சிவழி, செயல்வழிக் கற்போர். ஆனால் பொறியியல் வகுப்புகளோ கோட்பாடாகவும் சொற்பொழிவாகவும் நடக்கின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. பின்னர் ஃபெல்டரும் பார்பரா சாலமனும் 44 வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினர். அது கல்லூரிகளிலும் நிறுவனப் பயிற்சிகளிலும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது.

முதல் வடிவத்தில் ஐந்தாவதாக ஓர் இணையும் இருந்தது. எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குச் செல்லும் தொகுத்தறி முறை, விதியிலிருந்து எடுத்துக்காட்டுக்கு வரும் பகுத்தறி முறை என்பதே அது. 2002இல் ஃபெல்டர் இந்த இணையை நீக்கிவிட்டார். காரணம் கவனிக்கத்தக்கது. தொகுத்தறி முறையே சிறந்த கற்பித்தல் என்று அவர் கருதினார். ஆனால் மாணவர்களைக் கேட்டால் தேர்வுக்கு எது வேண்டும் என்பதை நேராகச் சொல்லிவிடும் பகுத்தறி முறையையே பலர் விரும்புவர். அவ்விருப்பத்தைச் சான்றாகக் காட்டி ஆசிரியர்கள் பழைய முறையைத் தொடர்வதை அவர் விரும்பவில்லை. விருப்பத்தை அளக்கும் கருவியை உருவாக்கியவரே, விருப்பம் வழிகாட்டியாக இருக்கமுடியாத ஓர் இடத்தை ஒப்புக்கொண்டார் என்று இதனைக் கொள்ளலாம்.

2004இல் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் பிரித்தானியாவில் வெளியிட்ட ஆய்வறிக்கை, 71 கற்றல் பாணி மாதிரிகள் புழக்கத்தில் இருப்பதைக் கண்டு, அவற்றுள் 13ஐ விரிவாக ஆராய்ந்து, பலவற்றின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கியது. 2008இல் ஹரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் அடிப்படைக் கேள்வியை எழுப்பினர். காட்சிவழிக் கற்போருக்குக் காட்சியாகவும் சொல்வழிக் கற்போருக்குச் சொல்லாகவும் கற்பித்தால் உண்மையில் இரு சாராரும் கூடுதலாகக் கற்கின்றனரா? இதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்களின் முடிவு. மக்களுக்கு விருப்பங்கள் உள்ளன என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விருப்பப்படி கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குத்தான் சான்றில்லை. சுற்றுப்பாதை வரைபடத்தை எவருக்கும் காட்சியாகத்தான் காட்டவேண்டும். அவர் சொல்வழிக் கற்பவர் என்பதற்காக அதனைப் பத்தி பத்தியாக வாசித்துக் காட்டுவதில் பொருளில்லை.

விருப்பமும் விளைவும்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியேவும் அவருடைய குழுவினரும் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனை இவ்வேறுபாட்டை நேரடியாக அளந்தது. அறிமுக இயற்பியல் மாணவர்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தேர்ந்த ஆசிரியரின் தெளிவான விரிவுரையைக் கேட்டனர். மற்றொரு பிரிவினர் அதே பாடத்தின் கணக்குகளைச் சிறு குழுக்களாக முதலில் தாமே முயன்ற பின்னர் ஆசிரியர் விளக்கத்தைப் பெற்றனர். அடுத்த பாடத்தில் பிரிவுகள் இடம் மாறின. தாமே முயன்றவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே கூடுதலாகக் கற்றதாகக் கூறினர். தடுமாறுதல் கற்காமையாக உணரப்படுகிறது. சரளமான விரிவுரை கற்றலாக உணரப்படுகிறது.

இவர்கள் மாணவர்கள், பணியில் இருக்கும் பொறியாளர்கள் அல்லர். எனினும் பெரும்பாலான நிறுவனங்களில் பயிற்சியின் இறுதியில் கொடுக்கப்படும் கருத்துப் படிவம் கேட்பதும் இதே வினாவைத்தான். 1959 முதல் டொனால்ட் கர்க்பாட்ரிக் எழுதிய கட்டுரைகள், பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடவேண்டும் என்றன: பயின்றவரின் மனநிறைவு, அவர் கற்றது, பணியில் அவர் நடத்தையில் ஏற்பட்ட மாற்றம், நிறுவனத்திற்குக் கிடைத்த பயன். முதல் நிலைக்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். மற்றவற்றுக்கு மாதங்கள் வேண்டும். ஆகவே முதல் நிலையோடு நின்றுவிடுவதே வழக்கமாக உள்ளது. மதிய உணவு நன்றாக இருந்த பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் கிடைப்பதை இத்துறையில் உள்ளோர் அறிவர்.

அதற்காக, எல்லோரையும் முதல் நாளே சிக்கலில் தள்ளிவிடுவதும் சரியன்று. ஸ்லாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் உள்ளிட்டோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இயந்திரவியல் தொழிற்பழகுநர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. ஆலைகளில் பயன்படும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு, மின் உணர்த்திச் சுற்றுகளுக்கான நிரல் எழுதுவது பாடம். அனுபவம் இல்லாத தொடக்கத்தில், முழுவதும் செய்துகாட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள் நன்கு கற்றனர். அனுபவம் கூடியபோது அந்த மேன்மை மறைந்து, தாமே சிக்கலைத் தீர்ப்பதே கூடுதல் பயன் தந்தது. எனவே மூத்த பொறியாளர் ஒருவர், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே முட்டி மோதிக் கற்றேன், நீயும் அவ்வாறே கற்றுக்கொள் என்று புதியவரிடம் கூறுவது, தமக்கு இன்று பொருந்துவதை அவருக்கு நேற்றே பொருத்துவதாகும்.

நடைமுறைகள்

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் கைத்தொழிற் பிரிவினருக்கே உரியதாக இருந்தது. 1973இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் இதன்கீழ் வந்தனர். தென்னிந்தியாவில் இவர்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. பயிற்சிக்காலம் பொதுவாக ஓராண்டு; உதவித்தொகையில் ஒரு பகுதியை நடுவண் அரசு ஏற்கிறது. சட்டம் இடத்தையும் காலத்தையும் உறுதி செய்கிறது. அருகில் அமர்ந்து சொல்லித்தர ஒருவர் இருப்பாரா என்பதைச் சட்டத்தால் உறுதி செய்ய இயலாது. ஆதலால் ஒரே சட்டத்தின்கீழ் ஒருவர் ஓராண்டில் ஓர் ஆலையின் இயக்கத்தையே கற்றுவிடுகிறார். மற்றொருவர் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

மென்பொருள் துறையில் இருவர் ஒரே கணினியில் அமர்ந்து நிரலெழுதும் இணை நிரலாக்கத்தைக் கென்ட் பெக்கின் 1999ஆம் ஆண்டு நூல் பரவலாக்கியது. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துச் சரிபார்க்கும் மதிப்பாய்வும் ஒரு பயிற்சியே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் ஆல்பர்ட்டோ பக்கெல்லி, கிறிஸ்டியன் பேர்ட் ஆகியோர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வழுக்களைக் கண்டுபிடிப்பதே மதிப்பாய்வின் நோக்கம் என்று பொறியாளர்கள் கூறினாலும், நடைமுறையில் அறிவுப் பகிர்வும் அதன் முக்கியப் பயனாக இருப்பது தெரியவந்தது.

கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில், துரதிர்ஷ்டச் சக்கரம் என்று அவர்கள் அழைக்கும் பயிற்சி விவரிக்கப்பட்டுள்ளது. முன்பு உண்மையில் நிகழ்ந்த ஒரு சேவைத் தடையை ஒருவர் நடத்திக்காட்டுவார். புதியவர், நான் இந்த வரைபடத்தைப் பார்ப்பேன், இந்தக் கட்டளையை இடுவேன் என்று சொல்லச் சொல்ல, அப்போது என்ன தென்படும் என்பதை நடத்துபவர் கூறுவார். சுற்றியிருப்போர் கேட்டுக்கொண்டிருப்பர். வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படாமல் தடுமாறும் வாய்ப்பை இது தருகிறது. ஜெராக்ஸ் பழுதுநீக்குநர்களின் உணவு மேசைக் கதைகளை நேரம் குறித்து நடத்துவது போன்றது இது.

2022இன் இறுதி முதல் உரையாடும் செயற்கை அறிவு மென்பொருள்கள் பரவியபின், ஒரு பொறியாளருக்கு மிக அருகில் உள்ள தகவல் மூலம் அவருடைய திரையாகவே ஆகிவிட்டது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கூச்சமும் அங்கே இல்லை. 1968ஆம் ஆண்டு ஆய்வின்படி முதலில் நாடப்படுவது அதுவாகவே இருக்கும், விடையின் தரம் எதுவாயினும்.

கற்பிப்பவரின் காலம்

அருகிருந்து கற்பதற்கான செலவு பயிற்சித் துறையின் கணக்கில் வருவதில்லை. அது மூத்த பொறியாளரின் பணி நேரத்திலிருந்து கழிகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளத் திட்டத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், வேலையை முடிக்க வேண்டிய அதே மனிதர்கள்தாம்.

நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலேய்ஸ் ஆகிய பொருளியலாளர்கள், அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்து 2023இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். குழுவினர் அனைவரும் ஒரே கட்டடத்தில் அமர்ந்திருந்தபோது, பொறியாளர்கள் தம் நிரலுக்குக் கூடுதலான கருத்துகளைப் பெற்றனர். இளையவர்களும் பெண்களும் இதனால் மிகுதியாகப் பயனடைந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட்டதும் இந்த மேன்மை பெரிதும் மறைந்தது. அதே ஆய்வில், அருகில் அமர்ந்திருந்த காலத்தில் மூத்த பொறியாளர்கள் எழுதி முடித்த நிரலின் அளவு குறைந்திருந்ததும் பதிவாகியுள்ளது.